இழுவை ஓட்டத்துக்கு முதலில் எதை வாங்குவது?

கேள்வி: ஒஸ்லோவுக்கு அருகில் இருக்கிறோம். எங்கள் நாய்க்கு இரண்டு வயது, 22 கிலோ, ஹஸ்கி கலப்பு. நடக்கக் கூட்டிப்போனால் கையைப் பிடுங்குகிற மாதிரி இழுப்பான். ஒரு தோழி சொல்லி, அவனை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் ஓடிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பின்மார்க்ஸ்லோப்பெ என்ற நாய்ச் சறுக்கு வண்டிப் போட்டியில் ஓடும் நாய்கள் போடுவது போல, வாலடி வரை வரும் எக்ஸ்-பாக் ஹார்னஸ் (நாயின் உடம்பில் மாட்டும் இழுவைப் பட்டி) ஒன்றை இணையத்தில் வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் முன்னங்கால் இடுக்கில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. உடம்பைச் சரித்துக்கொண்டு நண்டு மாதிரி ஓடுகிறான். டிஸ்க் பிரச்சினை உள்ள எனக்கும் முதுகு நோகிறது. கணவர் தன்னுடைய மின்சார சைக்கிளில் கட்டி ஓட்டலாம் என்கிறார். 4,000 குரோணர் ஒதுக்கியிருக்கிறோம். எதை வாங்குவது, எதை விடுவது? இழுக்கப் பழக்கினால் நடக்கும்போது இன்னும் மோசமாக இழுப்பானா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைக்குப் போவதற்கு முன் ஓட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அந்தச் சிவப்பு ஆறி, மயிர் திரும்ப முளைக்கத் தொடங்கும் வரை அவனுக்கு எந்த ஹார்னஸும் வேண்டாம். கழுத்துப் பட்டியில் நிதானமாக நடந்தால் போதும்.

அந்த இடைவெளியில் ஒரு வேலை செய்யுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லாமல், தளர்ந்த கயிற்றில், சமதரையில் அவனை மெல்ல ஓடவிட்டு, பின்னாலிருந்து ஒருவர் வீடியோ எடுக்கட்டும். நேராக ஓடினால் குற்றம் ஹார்னஸ் மீதுதான். நீங்கள் எழுதியதை வைத்து நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இடுப்பிலோ முதுகிலோ நோவு இருக்கும் நாயும் இப்படித்தான் சரிந்து ஓடும். வெறும் உடம்போடும் சரிகிறான் என்றால், மிருக வைத்தியரிடம் காட்டாமல் ஒரு குரோணர்கூடச் செலவழிக்க வேண்டாம்.

நாய்களுக்கான பிசியோதெரபி என் தொழில். இழுவை விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களின் நாய்களில் நான் பார்க்கும் புண்களிலும் தசைப் பிடிப்புகளிலும் பெரும் பகுதி, நல்ல பொருளைத் தவறான வேலைக்குப் போட்டதால் வந்தவை. உங்கள் எக்ஸ்-பாக் மட்டமான பொருளாக இருக்க வேண்டியதில்லை. அது செய்யப்பட்ட வேலை வேறு.

பின்மார்க்ஸ்லோப்பெயில் ஓடும் நாய்கள் சறுக்கு வண்டியை இழுக்கின்றன. 1981 முதல் நடக்கும் அந்தப் போட்டியில் வட நோர்வேயின் அல்ரா நகரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு அணியையும் பாருங்கள். நாய்களை இணைக்கும் கயிறு பனிக்கு மேலே தாழ்வாகத்தான் போகும். இழுவை வாலடியிலிருந்து நேர் பின்னுக்கு, அல்லது சற்றுக் கீழ் நோக்கி இறங்கும். எக்ஸ்-பாக்கின் குறுக்குப் பட்டிகள் அந்தக் கோணத்துக்காகத் தைக்கப்பட்டவை. அங்கே சுமை மார்பெலும்பில் ஏறி, பக்கவாட்டில் பிரிந்து, முதுகில் அழுத்தாமல் வாலடிக்குப் போய்ச் சேர்கிறது.

உங்களோடு ஓடும்போது கயிறு மேல் நோக்கி ஏறுகிறது. உங்கள் இடுப்புக் கொக்கி நிலத்திலிருந்து ஏறக்குறைய 90 சென்ரிமீற்றரில் இருக்கும் என்று வைப்போம், அவனுடைய முதுகு 55 சென்ரிமீற்றரில். அந்த 35 சென்ரிமீற்றர் ஏற்றம் 2 மீற்றர் கயிற்றில் 10 பாகைச் சரிவு. அதையே 1.2 மீற்றர் கயிற்றில் கட்டினால் 17 பாகை. எக்ஸ்-பாக்கின் வால் முனையை இப்படி மேலே தூக்கி இழுத்தால் முழு ஹார்னஸும் உடம்பில் இடம் மாறும். கழுத்து வளையம் தொண்டையை நோக்கி ஏறும், நெஞ்சுப் பட்டி பின்னுக்கு நகர்ந்து முன்னங்கால் இடுக்கில் புகும், பின் முனை இடுப்புக்கு மேல் ஆடும். அவன் பக்கவாட்டில் சரிவது அந்த அழுத்தத்திலிருந்து தப்பப் பார்ப்பதுதான். நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறிக்கும் இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே எந்த நிறுவனத்தின் பெயர் நல்லது என்று தேடுவதற்கு முன், கயிறு எந்த உயரத்திலிருந்து இழுக்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். கால் ஓட்டத்துக்கு, அதாவது கனிக்ரொஸ்ஸுக்கு, உங்களுக்கு நான் சொல்வது குட்டை ஹார்னஸ்: முன்னால் ஒய் வடிவத்தில் மார்பெலும்பில் உட்கார்ந்து, கடைசி விலா எலும்பைத் தாண்டாமல் முதுகிலேயே முடிந்துவிடும் வகை. கயிறு எந்தக் கோணத்தில் போனாலும் அது பெரிதாக இடம் மாறாது. அளவு பார்ப்பதும் சுலபம்.

நீளமான ஆனால் மேல் நோக்கிய இழுவைக்கும் ஒத்துவருகிற வகைகளும் இருக்கின்றன. நோர்வே நிறுவனமான நொன்-ஸ்ரொப்பின் ஃப்ரீமோஷன் அந்த இனம்தான், பட்டிகளைக் கூட்டிக் குறைக்கலாம். நல்ல பொருள். ஆனால் அதில் கழுத்து, நீளம் இரண்டும் சரியாக வர வேண்டும். முதல் முறை வாங்குகிறவர் குட்டையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. எக்ஸ்-பாக்கை எறிந்துவிடாதீர்கள். பனிக்காலத்தில் பிள்ளைகளைச் சறுக்குப் பலகையில் வைத்து அவன் இழுக்கும் நாள் வந்தால், கயிறு தாழ்வாக இருக்கும், அப்போது அது உதவும். அளவு சரியாக இருந்தால் மட்டும்.

அளவு விஷயத்தில்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 22 கிலோ ஹஸ்கிக்கும் 22 கிலோ பொயின்ரர் வேட்டை நாய்க்கும் நெஞ்சு ஒன்றல்ல. கழுத்தை அளக்கும்போது சாதாரணக் கழுத்துப் பட்டி கிடக்கும் இடத்தில் அளக்கக் கூடாது. அதற்குக் கீழே, கழுத்து தோளோடு சேரும் அடிப்பகுதியைச் சுற்றி அளக்க வேண்டும். இழுவை ஹார்னஸ் தலைக்கு மேலால் போடும்போது காதுகளைத் தாண்ட கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். பலர் அதைக் கண்டு பயந்து ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். தாண்டிய பிறகு அது கழுத்தின் அடியில் படிந்து, இரண்டு விரலைத் தட்டையாக நுழைக்க இடம் விட்டு நின்றால் அதுதான் சரி. பெரிதாக இருந்தால் இழுக்கும்போது மூச்சுக்குழாயில் ஏறும்.

அப்புறம் விரலால் தடவிப் பாருங்கள். நெஞ்சுப் பட்டை மார்பெலும்பின் மேலேயே முடிகிறதா, அல்லது அதையும் தாண்டி மென்மையான வயிற்றுப் பகுதிக்குப் போகிறதா? தாண்டினால் பெரிது. முன்னங்கால் இடுக்குக்கும் பக்கப் பட்டிக்கும் இடையில் மூன்று விரலாவது இடைவெளி இருக்கிறதா? தோள்மூட்டின் முன்னால் குறுக்கே எந்தப் பட்டியும் போகாமல் இருக்கிறதா? நாய்க்குட்டிப் பள்ளியில் இழுக்காமல் நடக்கப் போடச் சொல்லும், நெஞ்சின் முன்னால் கொக்கி வைத்த ஹார்னஸ்களை இந்த விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது என்பது இதனால்தான். முன்னங்காலை நீட்டும் ஒவ்வொரு எட்டிலும் அந்தக் குறுக்குப் பட்டி தடுக்கும்.

இவை எல்லாம் நிற்கும் நாயில் பார்ப்பவை. நிற்கும் நாயில் எல்லா ஹார்னஸும் பொருந்தியது போலத்தான் தெரியும். ஒருவர் முன்னால் இறைச்சித் துண்டோடு நின்று கூப்பிடட்டும். நீங்கள் பின்னால் நின்று, கயிறு உங்கள் இடுப்பிலிருந்து போகும் அதே கோணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் சாய்ந்து இழுக்கும் அந்த நேரத்தில் இன்னொருவர் மறுபடியும் விரலை வைத்துத் தொண்டை, இடுக்கு, மார்பெலும்பு மூன்றையும் பார்க்கட்டும். பிறகு அவனை உங்கள் பக்கம் திருப்பி, முன்னாலிருந்து கயிற்றை மெதுவாக இழுத்து, பின்வாங்கினால் தலையை உருவிக்கொண்டு போய்விடுகிறானா என்றும் பாருங்கள். பயந்த நாய் பின்னுக்குத்தான் தப்பும். வீதியோரத்தில் அது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முடியுமென்றால் நாயையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போங்கள். இணையத்தில்தான் வாங்குவதென்றால், நோர்வேயில் 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இரண்டு அளவை வரவழைத்து, வீட்டுக்குள்ளேயே, அவனை நன்றாகச் சீவிய பிறகு போட்டுப் பார்த்து, பொருந்தாததை அனுப்பிவிடலாம். வெளியில் ஓடி அழுக்காக்கிய பிறகு கேட்டால் கடைக்காரர் முழுக் காசும் தர வேண்டியதில்லை. கடையில் ஹார்னஸை ட்ரெக்செலே என்றும், இலாஸ்ரிக் வைத்த கயிற்றை ஸ்ட்ரிக்லினே என்றும், இடுப்புப் பெல்ற்றை ட்ரெக்பெல்தே என்றும் கேளுங்கள், சரியான அலமாரிக்குக் கூட்டிப்போவார்கள்.

அடுத்தது கயிறு. இப்போது எந்தக் கயிற்றில் ஓடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கைப்பிடிக்குள் சுருண்டு போகும் கயிறு என்றால் இன்றே அதை இந்த விளையாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். அந்த மெல்லிய கயிறு காலில் சுற்றினால் தோலை வெட்டும். நீங்கள் வாங்க வேண்டியது, இழுபட்ட நிலையில் 2 மீற்றரளவு வரும், ஒரு பகுதி இலாஸ்ரிக்காக இருக்கும் கயிறு. அவன் ஒரு முயலைக் கண்டு பாயும்போதும், நீங்கள் தடுக்கி நிற்கும்போதும் வருகிற வெட்டிழுப்பை அந்த இலாஸ்ரிக் வாங்கிக்கொள்ளும். அவனுடைய முதுகுக்கும் உங்கள் டிஸ்க்குக்கும் அது பாதுகாப்பு. மிக இளக்கமான இலாஸ்ரிக்கும் நல்லதல்ல, நீண்டு நீண்டு சுருங்கி இருவரையும் ஆட்டும். நாயின் பக்கம் இருக்கும் கொக்கி சிறியதாக, பாரமில்லாததாக இருக்கட்டும். பெரிய கொக்கி ஓடும்போதெல்லாம் அவனுடைய முதுகில் இடிக்கும். மலையேறுகிறவர்கள் பாவிக்கும் திருகுப் பூட்டுக் கொக்கியை உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். இழுபட்டு நிற்கும் கயிற்றில் அதைத் திறக்க முடியாது.

உங்கள் முதுகு நோவுக்கு வருவோம். இப்போது நீங்கள் கட்டுவது இடுப்பின் ஒடுங்கிய பகுதியில் உட்காரும் அகலமான பட்டி என்று ஊகிக்கிறேன். 22 கிலோ நாய் அதில் இழுக்கும்போது முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி முன்னுக்கு வளைகிறது. அதைத் தாங்கிக்கொள்ள உங்கள் முதுகுத் தசைகள் ஓட்டம் முழுக்க இறுகியே இருக்கின்றன. கனிக்ரொஸ் பெல்ற் அதைவிடக் கீழே, இடுப்பெலும்பிலும் பின்பக்கத்திலும் படிய வேண்டும். மேலே ஏறாமல் பிடிக்க இரண்டு தொடைப் பட்டிகள் கட்டாயம் வேண்டும். கயிறு பூட்டும் இடம் இடம்-வலமாக நகரக் கூடியதாகவும், ஒரே இழுப்பில் விடுபடும் பூட்டோடும் இருக்கட்டும். அந்தப் பூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கப் பழகுங்கள். கடையில் பெல்ற்றைக் கட்டிக்கொண்டு, கணவரை முன்னால் நின்று பலமாக இழுக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் பாரம் தெரிந்தால் வாங்கலாம். முதுகில் தெரிந்தால் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள். உங்கள் டிஸ்க் பற்றி உங்களுடைய வைத்தியரிடம் கேட்காமல் மீண்டும் ஓடத் தொடங்க வேண்டாம், மலை இறக்கங்களில் குறிப்பாக. இறக்கத்தில் அவனைப் பின்னால் அல்லது பக்கத்தில் வரப் பழக்கும் வரை நடந்தே இறங்குங்கள்.

இந்த மூன்றுக்கும் உங்கள் 4,000 குரோணர் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். காசு இடித்தால் பெல்ற்றிலும் கயிற்றிலும் மலிவானதைத் தேடலாம், ஹார்னஸில் தேடாதீர்கள்.

மின்சார சைக்கிளுக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். உங்கள் கணவர் கோபிக்கக் கூடாது. அது பாரம் கூடியது. அதைவிட முக்கியமாக, மோட்டார் ஓடும்போது யார் யாரை இழுக்கிறார்கள் என்பது தெரியாமல் போய்விடும். நாய் களைத்து வேகம் குறைந்தாலும் சைக்கிள் குறையாது. பக்கவாட்டில் ஸ்பிரிங் கையொன்றைப் பூட்டி நாயைக் கூட ஓடவிடும் கருவியும் கடையில் இருக்கும். அது கூட ஓடுவதற்கு, இழுப்பதற்கு அல்ல. பக்கத்திலிருந்து இழுத்தால் நாயின் உடம்பு மீண்டும் சரியத்தான் செய்யும்.

உண்மையான பைக்ஜோரிங்கில், அதாவது நாய் சைக்கிளை இழுக்கும் விளையாட்டில், நாய் முன்னால் ஓடும். அதற்கு முன்பக்கத்தில் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனும் நல்ல ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக்கும் உள்ள மலைச் சைக்கிள் வேண்டும். முன்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அன்ரெனா என்ற கையொன்று வேண்டும், கயிறு தளரும்போது முன் சில்லில் சிக்காமல் அது தூக்கிப் பிடிக்கும். கயிறும் நீளம் கூடியது, 2.5 மீற்றருக்குக் குறையாமல். அதைக் கைப்பிடியின் ஒரு பக்கத்தில் ஒருபோதும் கட்டக் கூடாது, நாய் திரும்பினால் கைப்பிடியும் திரும்பும். ஹெல்மெற், கையுறை, கண்ணாடி கட்டாயம், முன்னால் ஓடும் நாய் கல்லையும் சேற்றையும் உங்கள் முகத்துக்குத்தான் அனுப்பும். இவ்வளவையும் இப்போது வாங்க வேண்டாம். அவன் உங்களோடு கால் ஓட்டத்தில் வலம், இடம், நில், தாண்டிப் போ என்ற நான்கையும் வேறு நாய்கள் கடந்து போகும்போதும் கேட்கட்டும். அதன் பிறகு சைக்கிளைப் பற்றி யோசிக்கலாம். வயது தடையில்லை. பல போட்டிகளில் கால் ஓட்டத்துக்கு ஒரு வயதும், சைக்கிளுக்கு 18 மாதமும் கேட்பார்கள், அவன் இரண்டையும் தாண்டிவிட்டான். ஆனால் வயது வந்ததாலேயே அந்த வேகத்துக்குத் தசை தயாராகிவிடாது.

பனியில் ஸ்கீ போட்டு ஓட ஆசை வந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஓரத்தில் எஃகுப் பட்டி வைத்த ஸ்கீயை நாயின் பின்னால் போடக் கூடாது. அவன் திடீரென்று நின்றால் அது அவனுடைய காலை வெட்டிவிடும்.

மிஞ்சும் காசில் பாதச் சப்பாத்துகள் வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். காட்டு மண்ணில் ஓடும் நாய்க்கு அவை அன்றாடம் தேவையில்லை. கூரான சரளைக் கல், உப்புப் போட்ட வீதி, விரலிடுக்கில் உருண்டு பிடிக்கும் ஈரப் பனி, இவற்றுக்கு ஒரு தொகுதி வீட்டில் இருக்கட்டும். ஒட்டுப்பட்டியை இறுக்கிக் கட்டாதீர்கள், வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள். அதைவிட முதலில் வாங்க வேண்டியது நெற்றி லைற்றும் நாய்க்கு ஒரு சிறிய லைற்றும். ஒக்ரோபர் முடிந்தால் வேலை முடிந்து ஓடுகிற நேரம் முழுக்க இருட்டு. நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அடர்ந்த மயிருள்ள நாய், வெப்பநிலை 15 பாகைக்கு மேல் போனாலே சூடேறத் தொடங்கும். ஈரப்பதம் கூடினால் இன்னும் சீக்கிரம். கோடையில் விடியற்காலையில் குறுகிய ஓட்டம், அல்லது ஓட்டமே வேண்டாம். நாயைக் குளிர்விக்கும் எந்த மேலங்கியும் அதற்கு மாற்றாகாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இழுக்கப் பழக்கினால் நடையிலும் இழுப்பான் என்பது பரவலான பயம். நான் பார்த்தவரை மாறாகத்தான் நடக்கிறது, ஒரு நிபந்தனையோடு: இரண்டு வேலைக்கும் இரண்டு உடுப்பு. இழுவை ஹார்னஸ் போட்டால் இழுக்கலாம், எப்போதும் இழுக்கலாம், இழுத்ததற்குக் கண்டிப்பே கிடையாது. கழுத்துப் பட்டியிலோ நடை ஹார்னஸிலோ இருந்தால் ஒருபோதும் இழுக்க விடக் கூடாது. ஓடும் பாதை தொடங்கும் இடம் வரை நடைக் கயிற்றில் கூட்டிப்போய், அங்கே ஹார்னஸை மாட்டுங்கள். முடிந்ததும் அங்கேயே கழற்றுங்கள். வீட்டுக் கதவடியிலேயே ஹார்னஸை மாட்டிவிட்டு, வீதியில் இழுக்காதே என்று அதட்டினால் அவனுக்கு இரண்டும் குழம்பிவிடும். ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாடு முழுவதும் நாயைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் உங்களுக்குத் தெரியும். ஓட விட முடியாத அந்த மாதங்களில் ஹஸ்கி இரத்தம் உள்ள நாய்க்கு, குளிர்ச்சியான காலை வேளையில் இழுவை ஓட்டத்தைவிட நல்ல வடிகால் எனக்குத் தெரியவில்லை.

பின்னுக்கு ஃபின் என்ற நோர்வே இணைய விற்பனைத் தளத்தில் பழைய பொருள் தேடப் போகிறீர்கள் என்றால் பெல்ற், அன்ரெனா, மலைச் சைக்கிள் மூன்றையும் அங்கே துணிந்து வாங்கலாம். கயிற்றைப் பழையதாக வாங்காதீர்கள். இலாஸ்ரிக் செத்துப்போனது வெளியில் தெரியாது. ஹார்னஸைப் பழையதாக வாங்கினால் நெஞ்சுப் பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். அழுக்கும் சேறும் காய்ந்து விறைத்துப்போன பட்டி எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம், அது தோலை அரத்தால் தேய்ப்பதற்குச் சமம். புதியதை வாங்கினாலும் சேற்றில் ஓடிய நாளில் குளிர்ந்த நீரில் அலசி, ஹீற்றருக்கு மேலே போடாமல் காற்றில் உலர்த்துங்கள்.

புதிய ஹார்னஸில் முதல் இரண்டு வாரமும் ஓட்டம் இரண்டு கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் இடுக்கு, மார்பு, தொண்டை மூன்றையும் கையால் தடவிப் பாருங்கள். மயிர் உடைந்து சொரசொரப்பாகத் தெரிந்தால் அது சிவப்புக்கு முன்னால் வரும் அறிகுறி. அந்த இடத்தைப் படம் எடுத்து, அவன் இழுத்துக்கொண்டு ஓடும் வீடியோவோடு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.